நெடுங்கரை மற்களத்துப் பதினோரு படிக்கற்கள் குறித்து வெண்குன்றத்துக்கு விடுத்த ஓலை

நலம் நிலைபெறுக. ஆறு தன் கரையறிந்து ஓடுக. ஏரி தன் மதகறிந்து நிறைக. உழுதவர் முற்றத்தில் நெல்லும், தோய்த்தவர் முற்றத்தில் துணியும் குறைவின்றிக் காய்க.

பூவாற்றின் தென்கரை முழுவதையும் தம் குடைநிழலில் வைத்துக் காக்கும் வெண்குன்ற வேந்தர் இளஞ்சேயர் அவையில் தலைமையமைச்சராய் வீற்றிருக்கும் அம்பர்கிழார் நெடுஞ்சேந்தனார் சமூகத்துக்கு, அவ்வாற்றின் வடகரை ஆளும் நெடுங்கரைக் கோவேந்தர் குவளைமலையர் திருவாய்மொழிந்தபடி, அவர்தம் திருவோலை நாயகமாகிய கீழைப்பாடி மருதநம்பி வணங்கி எழுதிக்கொண்ட ஓலை. இங்கே அரசரும் அரசியாரும் குடிகளும் நலம். அங்கே தங்கள் வேந்தரும் தாங்களும், தங்கள் ஆட்சிக்குட்பட்ட அனைவரும், குறிப்பாகத் தாழையடித் துறையில் குடியிருப்பவர்களும், நலமாயிருக்க வேண்டுகிறோம். அத்துறையை ஏன் தனித்துச் சொன்னேன் என்பது போகப்போக விளங்கும்.

தங்கள் ஓலை சென்ற ஆடித் திங்கள் இருபதாம் நாள் வந்து சேர்ந்தது. அதை அரசர் முன்னே இருமுறை வாசித்தேன். மல்லர் அணியின் உடையவராகிய கோளாந்தைக் கிழான், தம் மல்லர் முப்பது பேரோடும் எங்கள் நாட்டை விட்டு வெண்குன்றத்தில் வந்து தங்க இசைந்திருக்கிறார் என்றும், அவருக்குத் தங்கள் அரசு கல்லும் மரமும் ஆளும் கொடுத்து ஒரு மற்களம் எழுப்ப எண்ணியிருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். எங்கள் மற்களத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த உடன்படிக்கை ஓலையையும், எவர் தொழிலுக்கு அரண்மனைக் கல் கொடுப்பது, எவர் தொழிலுக்கு மறுப்பது என்று நாங்கள் முடிவு செய்கிற முரசு வழக்கத்தையும் பெயர்த்தெழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். களத்துக்கு ஏற்ற இடம் தாழையடித் துறை என்றும், அங்கே துணி காயப்போடும் சில குடிகளைத் தவிர வேறொருவரும் இல்லை, அவர்களை இடம்விட்டு எழுப்புவது எளிது என்றும் முடித்திருந்தீர்கள்.

கேட்டதை மறுப்பது அண்டை நாட்டார்க்கு அழகன்று. இரண்டையும் எழுத்துக்கெழுத்துப் பெயர்த்து இத்துடன் தனிக்கட்டாக அனுப்பியிருக்கிறேன். ஆனால் அந்த உடன்படிக்கையை எழுதியவன் நான். அதனால் விளைந்ததைக் கண்ணாரக் கண்டவனும் நான். ஆகையால் அதைத் துணையின்றி அனுப்ப மனம் வரவில்லை. இந்த ஓலையை முழுவதும் வாசித்த பிறகே அந்தக் கட்டின் நூலை அவிழ்க்க வேண்டுகிறேன்.

முதலில் முரசு வழக்கம். எங்கள் நாட்டில் ஒருவர் அரண்மனைக் கல் வேண்டுமென்று விண்ணப்பித்தால், ஒரு நாள் குறித்து நான்கு தெருமுனையிலும் முரசறைவோம். நாழிகை வட்டில் ஒருமுறை நீர் நிறைந்து மூழ்குவதற்குள் ஊரில் பாதிக் குடி வந்து கூடினால், கேட்ட காரியம் ஊர்ப்பொது, கல் உண்டு. கூடாவிட்டால் அது தனியார் பாடு, கல் இல்லை. எங்கள் முன்னோர் இதைக் குளத்துக்கும் பாலத்துக்கும் சாவடிக்கும் வகுத்தார்கள். குளம் வேண்டுமென்று கூடுகிறவன் தண்ணீர் எடுக்கிறவன். பாலம் வேண்டுமென்று கூடுகிறவன் அதன்மேல் நடக்கிறவன். ஆகவே அந்நாளில் இவ்வழக்கம் பிழைக்கவில்லை. ஒருவருக்கே உடைமையான தொழிலுக்கு அரசு கல் கொடுக்கலாமா என்ற கேள்வியை அவர்கள் கேட்டதில்லை. கேட்டவன் நான். அவர்கள் வைத்துவிட்டுப் போன அளவுகோலைக் கொண்டு, அது அளக்காத ஒன்றை அளந்தேன்.

எழுதுகிற காரியத்தை வரிசை குலையாமல் எழுதுவது என் பழக்கமாகையால், முதலில் சாயத்துறையைச் சொல்லி, அதன் பிறகே மற்களத்துக்கு வருகிறேன்.

வடகரையில் எங்கள் கோட்டைக்குக் கிழக்கே சாயத்துறை என்றோர் இடம் இருந்தது. சாயவேரைக் காய்ச்சித் துணிக்குச் சிவப்பேற்றும் பத்தொன்பது குடிகள் அங்கே வாழ்ந்தன. அவர்களுக்கு முன்நின்று பேசுகிறவர் ஆவுடைச்சி என்னும் சாயக்காரி. முழங்கை வரை சிவந்த கையும், எவர் முன்னும் தாழாத குரலும் உடையவர். தோய்த்த துணியை ஓடும் நீரில் அலசி, மணலில் விரித்து, வெயில் ஏற ஏற நீர் தெளித்துக்கொண்டே இருந்தால்தான் அந்தச் சிவப்பு நிற்கும். இதற்காக நனைந்த துணிப்பொதியைச் சுமந்து நாளொன்றுக்கு நாற்பது முறை கரை ஏறி இறங்க வேண்டும். கரையோ களிமண். மழை பெய்தால் காலை வாரும். ஆகவே பதினோரு படிக்கல் கேட்டார்கள். பதினொன்றுதான், மண்டபமோ மதிலோ கேட்கவில்லை. அப்பொழுது இளவரசராயிருந்த எங்கள் கோவேந்தர் துறையை நேரில் பார்த்து இசைந்து, கல்லும் வெட்டுவித்துக் கரையில் கொண்டுவந்து அடுக்கச் செய்தார். முரசு வழக்கம் ஒன்றே மிஞ்சியிருந்தது.

நாள் குறித்தவன் நான். அன்று அவர்களுக்குச் சாயம் காய்ச்சும் நாள் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. கொப்பரையில் துணி கிடக்கையில் கிண்டுகிற கையை எடுத்தால் சிவப்பு கருத்துப்போகும். ஆகவே பத்தொன்பது குடியில் ஒருவரும் வரவில்லை. முரசு கேட்டு வந்தவர் மூவர். அவர்களில் ஒருவர் ஏதோ சாவு என்று எண்ணி வந்தவர். சாவு இல்லை என்று தெரிந்ததும் சற்று ஏமாந்தவராய்த் திரும்பிப் போனார். வட்டில் மூழ்கியது. நான் 'தனியார் பாடு' என்று எழுதினேன்.

பொழுது சாய ஆவுடைச்சி வந்தார். அவர் சொன்னதைச் செம்மைப்படுத்தினால் பொய்யாகும் என்பதால் சொன்னபடியே எழுதுகிறேன். "நாள் குறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி. கொப்பரையில துணி கெடக்கிறப்ப ராசாவே செத்தாலும் எங்களால வர முடியாதே" என்று சொல்லிவிட்டு, சொன்னது இன்னதென்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். (இவ்வரியை அரசர் முன்னே வாசித்தபோது, அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்து, அப்படியே இருக்கட்டும் என்றார்.) அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று ஆவுடைச்சியிடம் சொன்னேன். அலுவலில் இருப்பவன் சொல்லக்கூடிய சொற்களில் இதைவிட எளிதானது வேறில்லை.

அதற்கு அடுத்த திங்கள் கோளாந்தைக் கிழான் அரண்மனைக்கு வந்தார். அவர் இனிமையாகப் பேசக்கூடியவர் என்பதைத் தாங்கள் இப்போது அறிந்திருப்பீர்கள். "வெண்குன்றத்தார் என்னைக் கூப்பிட்டு ஆறு மாசம் ஆச்சு. களம் கட்டித் தரோம், கதவு வெச்சுத் தரோம்னு ஆள் மேல ஆள் விடறாங்க. எனக்கு இந்த ஊர் மேல பாசம், அதான் போகல. ஆனா பாசத்துக்கும் நாலு சுவர் வேண்டாமா?" என்றார். அவை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். வெண்குன்றம் என்ற பேர் காதில் விழுந்ததும் எங்களுக்கு வேறொன்றும் விளங்காமல் போயிற்று. மல்லர் போய்விட்டால் நெடுங்கரைக்கு என்ன பேர் இருக்கும் என்று ஒருவர் கேட்டார்.

முரசு நாள் வந்தது. அவர் தம் மல்லரில் சிறந்த இருவரைத் தெருமுனையில் இறக்கி, முரசறையும் அதே வேளையில் மோதவிட்டார். முரசுக்கு முன்பே ஊர் கூடிவிட்டது. கண் தெரியாத ஒருவர் கூட அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "யார்ரா மேல, யார்ரா கீழ, சொல்லித் தொலைங்கடா" என்று கேட்டுக்கொண்டு நின்றார். பாதிக் குடி வரை எண்ணினேன். அதற்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டு நானும் வேடிக்கை பார்த்தேன். 'ஊர்ப்பொது' என்று எழுதினேன். பார்க்க வந்தவர்களை உடையவர்களாகக் கொண்டேன். என் பிழை இந்த ஒன்றுதான். இனிச் சொல்லப்போகிறவை அதன் கிளைகள்.

கோட்டைக்கு மேற்கே மேட்டு நிலத்தில் களம் எழுந்தது. நிலமும் கல்லும் மரமும் அரசுடையவை. மண் சுமந்தவர்கள் ஊரார்; வீட்டுக்கு ஓர் ஆள், நாற்பது நாள். உடன்படிக்கையில் 'கதவும், கதவுக்கு உட்பட்ட யாவும், திறவுகோலும் முப்பது ஆண்டுக்கு அணியுடையார்க்கே' என்று எழுதினேன். வாசலில் ஆளுக்கு இவ்வளவென்று வாங்குவதும் அவருக்கே. இத்துடன் வரும் தனிக்கட்டிலுள்ள ஓலையின் ஐந்தாம் ஏட்டில் இவ்வரி உண்டு. வேலை முடியும் தறுவாயில், களம் மேட்டில் இருந்தபடியால் வாசலுக்குப் படி வேண்டும் என்றார்கள். மலையில் கல் வெட்டி முடிந்திருந்தது. சாயத்துறைக் கரையில் பதினோரு கல் சும்மா கிடக்கின்றன, அவற்றை இழுத்து வருக என்று எழுதிக் கொடுத்தேன். 'சும்மா' என்ற சொல் என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது.

நான் நடுநிலை தவறி எழுதுகிறேன் என்று தாங்கள் எண்ணலாகாது. களம் எங்களுக்கு மகிழ்ச்சி தந்தது. முதல் மற்போரன்று நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டி, மறுநாள் அவையில் எல்லாவற்றுக்கும் தலையை மட்டுமே ஆட்டினேன். அன்று பலருடைய விண்ணப்பங்கள் எளிதில் நிறைவேறின. மல்லர்கள் நல்லவர்கள், உழைப்பாளிகள். அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஆனால் களத்தால் ஊரில் தொழில் பெருகும் என்று சொன்னார்களே, அதையும் விசாரித்தேன். களத்து வாசலில் பூ விற்கும் ஒருத்தியிடம் விற்பனை எப்படி என்று கேட்டேன். "முன்னே சந்தை வாசல்ல வித்தேன், இப்போ இங்க விக்கிறேன். கூடை அதே கூடைதான் சாமி. நடக்கிற தூரந்தான் கூடிப்போச்சு" என்றாள். களத்தருகே தங்குசாவடி நிறைந்தது. தெற்குத் தெருச் சாவடி காலியாயிற்று. போர் நடக்கும் நாளில் சந்தைக் கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள்.

பிறகு எண்ணெய்ச் செக்கு ஓட்டும் ஒருவர் வந்தார். அவருடைய செக்குக்கொட்டிலின் கூரை காற்றில் போயிருந்தது. மரம் கேட்டார். தனியார் தொழிலுக்கு அரசு கூரை போடுவதில்லை என்றேன். அவர் களம் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவருக்கும் உடையவர் ஒருத்தர்தான், எனக்கும் உடையவன் ஒருத்தன்தான். என் மாடு செக்க சுத்தி வரப்ப ஊர் கூடி நின்னு கைதட்டிச்சுன்னா எனக்கும் மரம் உண்டா சாமி?" என்று கேட்டார். ஆலோசிக்கப்படும் என்றேன். ஏழாண்டாக ஆலோசிக்கிறேன். அவருக்குச் சொல்லத்தக்க விடை இதுவரை அகப்படவில்லை. தங்களுக்கு அகப்பட்டால் எழுதியனுப்ப வேண்டும்.

களம் எழுந்த மூன்றாம் ஆண்டு, ஐப்பசித் திங்களில், பூவாறு இரு கரையும் தாண்டியது. தங்கள் பக்கமும் அன்று அழிவு உண்டாயிற்று என்று அறிவேன். எங்கள் ஊருக்குள் இடுப்பளவு நீர் புகுந்தது. பகல் முழுதும் மழை. மேட்டு நிலத்தில் மதிலோடு கூடிய இடம் மற்களம் ஒன்றே. ஆகவே ஊரார் குழந்தைகளையும் ஆட்டுக்குட்டிகளையும் தூக்கிக்கொண்டு அங்கே வந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. கோளாந்தைக் கிழான் மல்லரோடு வெளியூர் போயிருந்தார். காவலாள், "அவர் சொல்லாம தெறந்தா என் பொழப்பு போயிடும். உங்க எழுத்துலதானே சாமி இருக்கு, தெறவுகோல் அவருக்குன்னு?" என்றான். எல்லாக் கதவையும் திறக்கவல்ல அரசமுத்திரை என் விரலில் இருந்தது. அந்த ஒரு கதவைத் தவிர என்று நானே எழுதியிருந்தேன். உடைக்கலாம் என்றார்கள் சிலர். என் கண்முன்னே ஐந்தாம் ஏடு வந்து நின்றது. உடைக்கச் சொல்ல வாய் வரவில்லை. அது நேர்மையா கோழைத்தனமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே இருந்த பதினோரு படிகளில் ஊர் உட்கார்ந்தது. இடமில்லாதவர்கள் மதிலோரம் நின்றார்கள். அப்பொழுது கிழக்கிலிருந்து நால்வர் ஒரு கட்டிலைச் சுமந்து வந்தார்கள். பின்னே ஆவுடைச்சி. சாயத்துறைக் கரை இடிந்து கொப்பரைகள் ஆறையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. கொப்பரையைப் பிடிக்கப் போன அவர் கணவர் மல்லையனார் சறுக்கி விழுந்து இடுப்பு முறிந்து, அந்தக் கட்டிலில் கிடந்தார். ஆவுடைச்சி கட்டிலைக் கீழ்ப்படியருகே வைக்கச் செய்து, உட்கார்ந்து, ஈரக் கல்லைக் கையால் தடவிப் பார்த்தார். அருகிலிருந்தவளிடம், "இது நம்ம கல்லுடி. நாலாவது கல்லுல குறுக்கால வெள்ள ரேக ஓடும் பாரு" என்றார். அவள் பார்த்தாள். ரேகை இருந்தது. பிறகு ஆவுடைச்சி என் முகத்தைப் பார்க்காமலே, "பரவால்ல, எங்க கெடந்தாலும் நம்மளத் தாங்குது" என்றார்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வெள்ளம் வடிந்த நான்காம் நாள் பத்தொன்பது குடிகளும் கட்டிலோடு ஆற்றைக் கடந்து தங்கள் நாட்டுக்குப் போனார்கள். தடுக்க எனக்கு முறையிருக்கவில்லை. அதன் பிறகு எங்கள் அரண்மனைக் கொடிகளுக்கு வேறிடத்தில் சாயம் தோய்த்துப் பார்த்தோம். இரண்டு மழைக்கு நிற்கவில்லை. எங்கள் கொடி இளஞ்சிவப்பாய்ப் பறப்பதைத் தங்கள் தூதர்கள் கண்டு மரியாதை கருதி ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். இப்பொழுது எங்கள் கொடித்துணி தங்கள் சந்தையிலிருந்து வருகிறது. நல்ல சிவப்பு. யார் கைச்சிவப்பு என்று நான் விசாரித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

இவ்வாண்டு சித்திரையில் கோளாந்தைக் கிழான் களத்துக்குக் கூரை கேட்டார். தராவிட்டால் வெண்குன்றம் போவேன் என்றார். இம்முறை அரசர், போய் வருக என்றார். அடுத்து வந்தது தங்கள் ஓலை. அதிலே, நெடுங்கரையார் செப்புக் கூரை போட்டுத் தருகிறோம் என்று காலைப் பிடித்துத் தடுக்கிறார்கள் என்று அவர் தங்களிடம் சொன்னதாகக் கண்டேன். நாங்கள் ஓலைக்கூரையும் சொல்லவில்லை. ஆகவே ஏழாண்டு தாழ்த்தி ஒன்று கேட்கிறேன். அந்நாளில் தாங்கள் அவரை அழைத்து ஆள்மேல் ஆள் விட்டது உண்டா? இல்லையென்றே என் மனம் சொல்கிறது. எங்கள் கரையிலிருந்து தங்கள் கரைக்கு ஓடம் போக அரை நாழிகை. அன்று ஓர் ஓலை எழுதிக் கேட்டிருந்தால் மறுநாள் விடை வந்திருக்கும். நாட்டுக்கு நாடு போட்டியில் இருக்கையில் எதிரியிடம் கேட்பது இழுக்கு என்று எண்ணி நான் கேட்கவில்லை. இன்று தாங்கள் கேட்டீர்கள். அவ்வளவில் தாங்கள் என்னிலும் மேலானவர்.

தங்கள் ஓலை கண்ட ஐந்தாம் நாள், அரசர் இசைவு பெற்று, அலுவல் உடையின்றித் தாழையடித் துறைக்கு வந்துபோனேன். தங்களுக்கு அறிவியாமல் வந்த குற்றத்தைப் பொறுக்க வேண்டும். ஆவுடைச்சி மணலில் துணிக்கு நீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு எழுந்தார். "என்ன சாமி, இங்கயும் மொரசு வருதா?" என்றார்.

வேறெந்தச் சொல்லும் என்னை இப்படித் தலைகுனியச் செய்ததில்லை.

வடகரைக்குத் திரும்பி வாருங்கள், துறை கட்டித் தருகிறோம் என்றேன். மறுத்தார். "அவரால இப்ப எழுந்து உக்கார முடியுது. இன்னொரு வாட்டி கட்டில்ல வெச்சு ஆறு தாண்டினா அந்த இடுப்பு தாங்காது. பெறவு அந்தக் கர இடிஞ்ச கர. இங்க தண்ணி செவப்ப பிடிக்குது. இதுக்கு மேக்க பூராவும் உப்புத் தண்ணி, கெழக்க பாற. இத விட்டா எங்களுக்கு எடம் கெடையாது. உங்க ஊர் மேல கோவம் இல்ல சாமி, அலுப்பு" என்றார். துறையில் இறங்கிப் பார்த்தேன். அதே களிமண். அதே வழுக்கல். ஏறி வருகையில் எனக்கே கால் வாரியது. ஒரு சாயக்காரி கைகொடுத்துத் தூக்கிவிட்டு, "ஓலைக்கார அய்யா, படி இல்ல, பாத்து" என்றாள். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் பகை இல்லை.

தலைமையமைச்சரே, தாங்கள் மற்களம் கட்டக் கூடாது என்று சொல்ல எனக்கு வாயில்லை. குடிகள் மகிழ்வதும் அரசின் கவலையே. ஆனால் கட்டுவதாயின், கல் கொடுத்தவர்கள் கையில் திறவுகோல் இருக்கட்டும். அணியுடையார் அதற்கு இசையாவிட்டால், அவரைத் தம் கல்லில் கட்டிக்கொள்ளச் சொல்வது அவருக்கு அவமதிப்பன்று. செக்கு ஓட்டுகிறவரிடமும் சாயம் தோய்க்கிறவரிடமும் நாம் அன்றாடம் சொல்வதுதானே அது. எவ்வாறு முடிவு செய்தாலும், தாழையடித் துறையை மட்டும் அளக்க வேண்டாம். ஒரே குடிகளை ஒரே மனிதருக்காக இரண்டு அரசுகள் எழுப்பின என்று நம் இருவர் காலத்திலும் நடக்க வேண்டாம். இதை நெடுங்கரையின் கோரிக்கையாக அல்ல, முன்னே வழுக்கி விழுந்தவன் பின்னே வருகிறவனுக்குச் சொல்வதாகக் கொள்க.

இனி, எங்கள் கோவேந்தர் கட்டளை.

இவற்றையெல்லாம் நான் அரசரிடம் சொல்லி முடித்தேன். அவர், அந்தக் களத்தில் இப்பொழுது நமக்குரியது என்ன என்று கேட்டார். உடன்படிக்கையைப் பார்த்தேன். கதவும் கதவுக்கு உட்பட்டவும் இன்னும் இருபத்துமூன்று ஆண்டு அணியுடையாருடையவை. அவர் தங்கள் நாட்டில் இருந்தாலும் திறவுகோல் அவர் இடுப்பில்தான் இருக்கும். கதவுக்கு வெளியே உள்ளவற்றை மட்டும் நான் எழுதிக்கொடுக்க மறந்திருந்தேன். பதினோரு படிக்கல், அரசே, என்றேன். அவற்றைக் கொடுத்துவிடு என்றார்.

அதன்படி படிகளைப் பெயர்த்தோம். பெயர்க்கையில் ஏழாம் கல் இரண்டாய்ப் பிளந்தது. அதற்கீடாகப் புதுக்கல் ஒன்று வெட்டிச் சேர்த்திருக்கிறோம். நிறம் சற்று வேறுபடும், நீருக்குள் அடிப்படியாய் வைத்தால் தெரியாது. வெள்ளை ரேகையுள்ள நாலாம் கல் பழுதின்றி இருக்கிறது. மற்களத்துக் கதவு இனி ஆளுயரத்தில் படியின்றி நிற்கும். போகிற வருகிறவர்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்றும், அதை மறைத்து எதுவும் கட்டலாகாது என்றும் அரசர் ஆணை.

பதினோரு கல்லும் பதினோரு வண்டியில், ஆவணி வளர்பிறைப் பத்தாம் நாள் காலை எங்கள் துறையிலிருந்து புறப்படும். ஓடத்தில் ஏற்றுகிற எங்கள் ஆட்கள் எவரிடமும் கூலி கேட்கலாகாது. தங்கள் சுங்கச்சாவடியில் அவற்றைத் தடையின்றி விடும்படி தாங்கள் ஆணையிட வேண்டுகிறோம். படி பதிக்கும் கல்தச்சர் நால்வர் உடன் வருவர். சாயம் காய்ச்சும் நாள் எது, காய்ச்சாத நாள் எது என்று ஆவுடைச்சியிடம் முதலில் கேட்டறிந்து, அதன் பிறகே உளி எடுக்க வேண்டும் என்று அவர்களுக்குக் கட்டளை. முரசு அறைய வேண்டியதில்லை.

ஒருகால் இவ்வோலை சேர்வதற்குள் தங்கள் ஆட்கள் அத்துறையில் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டிருந்தால், வண்டிகளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அக்கற்கள் நெடுங்கரைக்கு உரியவையல்ல, வெண்குன்றத்துக்கும் உரியவையல்ல. ஆவுடைச்சி எங்கே போய் நிற்கிறாரோ அங்கே அவர் காலடியில் இறக்கிவிட்டு வருமாறு வண்டிக்காரர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

தனிக்கட்டைச் சுற்றியிருக்கும் சிவப்பு நூல் தாழையடித் துறையில் தோய்ந்தது. அவிழ்க்குமுன் ஒருமுறை நனைத்துப் பார்க்க. நிறம் போகாது.

ஆவணித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், நெடுங்கரைக் கோட்டை ஓலைச்சாவடியில், கோவேந்தர் குவளைமலையர் அரக்கு முத்திரையிட்டு அருளினார். எழுத்தும் என்னுடையது, மேற்சொன்ன பிழையும் என்னுடையது: கீழைப்பாடி மருதநம்பி.